கித்துல்கலப் பக்கத்து ஓடைக்கு ஒரு நாள் நடை: கொழும்புப் பயணச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய மலைநடைப் பயணங்களை ஒழுங்குசெய்து தரும் நிறுவனம் ஒன்றுக்கு, கடந்த மார்ச் மாதம் நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கு 9,500 ரூபா வீதம் 47,500 ரூபா செலுத்தினோம். வெள்ளவத்தையில் வானில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து விடுதல், காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, வழிகாட்டி, உயிர்காப்பு அங்கி, உடை மாற்றும் வசதி ஆகியவற்றோடு, "யாரும் அறியாத" மலையிடுக்கு ஒன்றின் வழியே இறங்கி, நீந்திக் குளிக்கக்கூடிய ஓடையை அடையும் மூன்று மணித்தியால நடையும் அந்தத் தொகைக்குள் அடங்கும் என்று சொன்னார்கள். சொன்னவற்றில் பாதி ஒழுங்காகக் கிடைத்தது, மீதி கிடைக்கவில்லை அல்லது குறையாகக் கிடைத்தது. அவர்களுடைய விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லாத ஒன்று மட்டும் கொடுத்த காசுக்கு மேலாகக் கிடைத்தது. அந்த ஒன்றுக்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரையும் ஓடையின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன். இதே பாதையை, இதே ஊர் ஆட்களை வைத்துக்கொண்டு, கொழும்பிலிருந்து வேறு சிலரும் விற்கிறார்கள். ஆகவே ஒரு பெயரைச் சொல்லி அடிப்பதைவிட, இப்படிப்பட்ட சேவைக்குக் காசு கட்டுமுன் எதை விசாரிக்க வேண்டும் என்பதைச் சொல்வதே வாசிப்பவர்களுக்கு உதவும். ஓடையின் பெயரை விடுவதற்குக் காரணம், அதற்கு மேலே குடியிருக்கும் தோட்டத்து மக்கள். சற்றுத் தள்ளியுள்ள இன்னொரு குளிப்பிடத்தின் படங்கள் பரவிய பிறகு அங்கே போத்தல் துண்டு மிதிக்காமல் கால் வைக்க முடிவதில்லை என்றும், தங்கள் வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் இந்த ஓடையின் மேற்பகுதியிலிருந்துதான் வருகிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். யட்டியாந்தோட்டைக்கும் கினிகத்தேனைக்கும் இடையில், களனி கங்கையில் வந்து விழும் பல ஓடைகளுள் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வான் சொன்ன நேரத்துக்கு வந்தது. அதிகாலை 4.45க்கு காலி வீதியில் எங்களை ஏற்றிக்கொண்டு, கிருலப்பனை, நுகேகொட, மஹரகம என்று வழியில் நின்ற மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு, மொத்தம் பதினான்கு பேரோடு ஹைலெவல் வீதியால் அவிசாவளைக்குப் போனது. சாரதி நிதானமானவர், அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற வான்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோது அந்த நிதானத்தின் பெறுமதி தெரிந்தது. காலைச் சிற்றுண்டி என்பது ஆளுக்கொரு மாலு பாணும் (மீன் கறி வைத்த பணிஸ்) ஒரு பால் பக்கற்றும். மரக்கறி மட்டும் சாப்பிடும் என் கணவருக்கு, முன்பதிவின்போது இரண்டு தடவை சொல்லியிருந்தும், அதே மாலு பாணைத்தான் நீட்டினார்கள். பிறகு யாரோ ஒருவருடைய பையிலிருந்து ஒரு சீனிப் பணிஸ் தேடிக் கொடுக்கப்பட்டது. இது சிறிய விடயம். ஆனால் முன்பதிவுப் படிவத்தில் எழுதியதை ஒருவரும் வாசிப்பதில்லை என்பதற்கு அன்று கிடைத்த முதல் அறிகுறி இதுவே.

இரண்டாவது அறிகுறி அவ்வளவு சிறியதன்று. ஏறத்தாழ 90 கிலோமீற்றர் ஓடி, எட்டு மணியளவில் இறப்பர்த் தோட்டத்தின் விளிம்பில் வானை நிறுத்தியதும், நிறுவனத்தின் சார்பில் வந்த இளைஞர் பாதுகாப்பு விளக்கம் அளித்தார். ஒரு நீண்ட விசில் என்றால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், மூன்று குறுகிய விசில் என்றால் உடனே நீரை விட்டு வெளியேற வேண்டும், அங்கியின் பட்டிகளை எப்படி இறுக்குவது, வழுக்கும் பாறையில் எப்படி அமர்ந்து இறங்குவது என்று பயனுள்ள விடயங்களையே சொன்னார். ஆனால் அவற்றை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே சொன்னார். பதினான்கு பேரில் எட்டுப் பேர் தமிழர்கள். திருகோணமலையிலிருந்து எங்களோடு தங்க வந்திருந்த என் மச்சாளுக்கு அந்த இரண்டு மொழிகளிலும் கடைவீதி அளவுக்குத்தான் பழக்கம். நான் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லிக் கொடுத்தேன். விசில் கணக்கைச் சொல்ல மறந்துவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. கொழும்பு 6இல் ஆள் சேர்த்து, தமிழில் விளம்பரம் போட்டுக் காசு வாங்கும் நிறுவனம், உயிரோடு சம்பந்தப்பட்ட ஐந்து நிமிடப் பேச்சை மட்டும் தமிழில் பேசாமல் விடுவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதைவிட வேடிக்கை, அந்த இளைஞருக்குப் பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் நீண்ட மூங்கிலோடு நின்ற உள்ளூர் வழிகாட்டி தமிழர். அவரை ஒரு வார்த்தை பேசும்படி ஒருவரும் கேட்கவில்லை.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இறப்பர் மரத்தில் பால் எடுக்கும் பால்வெட்டு வேலையில் நின்றவர். இப்போது பால்வெட்டு நாட்கள் குறைந்துவிட்டதால், வார இறுதிகளில் கொழும்பிலிருந்து வருகிறவர்களை ஓடைக்கு இறக்கி ஏற்றுகிறார். என் மகளைப் "பாப்பா" என்றும் என்னை "அம்மா" என்றும் அழைத்தார்; நான் அவரை "அண்ணை" என்று அழைத்தபோது, யாழ்ப்பாணத்து ஆட்களா என்று கேட்டுச் சிரித்தார்.

பாதையின் முதல் அரை மணித்தியாலம் இறப்பர் மரங்களுக்கு இடையே போகிறது. பட்டையைச் சாய்வாக வெட்டிய கோட்டின் கீழே சிரட்டைகள் கட்டப்பட்டிருக்கின்றன, லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கையசைக்கிறார்கள், நடப்பதற்குச் சிரமம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு கித்துள் மரங்களும் மூங்கிலும் நெருங்கி, தரை ஈரமாகி, அட்டைகள் தொடங்குகின்றன. அட்டையைப் பற்றி நிறுவனத்தின் குறிப்பில் "மிகக் குறைவு" என்று எழுதியிருந்தது. இலங்கையிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களான கினிகத்தேனைக்கும் வட்டவளைக்கும் அடிவாரத்தில் அட்டை குறைவாக இருக்கும் என்று நம்பியது எங்கள் தவறு. காலுறைக்கு மேல் அணியும் அட்டைக் காலுறையை 500 ரூபா வாடகைக்குக் கொடுத்தார்கள். நான் அதை எடுக்காமல், சவர்க்காரத்தைக் காலிலும் சப்பாத்தின் விளிம்பிலும் ஈரம் தொட்டுப் பூசிக்கொண்டேன். மகள் வாடகைக்கு எடுத்தாள். இரண்டு பேருக்கும் ஏறிய அட்டைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதால், அது விழுந்த பிறகும் கடிவாயிலிருந்து நெடுநேரம் இரத்தம் கசியும். பார்ப்பதற்குத்தான் பயங்கரம், உப்புத் தூவியோ நகத்தால் மெதுவாகத் தள்ளியோ விழுத்திவிட்டு நடக்கலாம், பிய்த்து இழுக்கக்கூடாது.

மலையிடுக்கு இதற்குப் பிறகு திடீரென்று வருகிறது. இரண்டு பக்கமும் மூன்று ஆள் உயரத்துக்குப் பாறை எழும்பி நிற்க, நடுவில் நான்கு மீற்றருக்கு மேல் அகலமில்லாத ஓர் இடைவெளி. அதன் வழியே, கயிற்றையும் வேரையும் மாறிமாறிப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். மலைநாட்டின் மிகப் பழைய, கடினமான பாறையில் எங்கே வெடிப்பு இருந்ததோ அங்கேயெல்லாம் நீர் புகுந்து அறுத்து உண்டாக்கிய வழி அது. சுவரில் கையை வைத்தால் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும், நீர் படும் உயரத்துக்குக் கீழே மெருகேற்றிய அம்மியைப்போல வழுவழுப்பாகவும் இருக்கிறது. அந்த வழுவழுப்பு எவ்வளவு உயரத்திலிருந்து தொடங்குகிறது என்பதை நான் இறங்கும்போது பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. அது என் தலைக்கு மேலே இருந்தது. தரையில் ஆங்காங்கே உரலைப்போல வட்டமான குழிகள். வெள்ளக் காலத்தில் நீர்ச்சுழியில் அகப்பட்ட கூழாங்கற்கள் ஒரே இடத்தில் நின்று சுழன்று சுழன்று குடைந்தவை. சில குழிகளில் அந்தக் கற்கள் இன்னும் உருண்டையாக, மாவரைத்து முடித்த குழவிபோலக் கிடக்கின்றன. என் மகள் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளக் கேட்டாள். "வைங்க பாப்பா, அது வேல செஞ்சுக்கிட்டு இருக்கு," என்றார் வழிகாட்டி.

இங்கே கயிறு என்று நான் சொன்னது அவருடைய சொந்த நைலோன் கயிறு. நிறுவனம் கயிறு கொண்டுவரவில்லை. தலைக்கவசமும் கொண்டுவரவில்லை. முதலுதவிப் பை என்று காட்டப்பட்டதில் பிளாஸ்டர் ஒரு பெட்டியும், பஞ்சும், ஒரு சித்தாலேப வலித்தைலக் குப்பியும் இருந்தன. இடுக்கின் அடியில் எந்தத் தொலைபேசிக்கும் சமிக்ஞை இல்லை. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அது வீதிவரைதான் வரும். கணுக்கால் பிசகிய ஒருவரை இங்கிருந்து வீதிக்குத் தூக்கிச் செல்ல இரண்டு மணித்தியாலமாவது ஆகும், அதைத் தூக்கப்போவது கூட வந்தவர்கள்தான். அப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருங்கிணைப்பாளரான இளைஞரிடம் கேட்டேன். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்றார். காட்டுப் பகுதிக்கும் தோட்டக் காணிக்கும் அனுமதி பெற்றிருக்கிறீர்களா என்று கேட்டதற்கும் ஏறத்தாழ அதே வகையான பதில்தான் கிடைத்தது.

ஓடையைப் பற்றி இனிச் சொல்லலாம். இடுக்கு முடிகிற இடத்தில் நீர் ஓர் ஆள் உயரம் வெள்ளையாக விழுந்து, ஒரு பெரிய மடுவாக விரிகிறது. மடுவின் மேல் பாதி ஆழம், கீழ்ப் பாதி இடுப்பளவு, கடைசியில் கற்கள் தலைகாட்டும் சலசலப்பு. காலை பத்தரை மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அடியிலுள்ள மணலின் வரிவரியான மடிப்புகள்கூடத் தெரியும் அளவுக்கு நீர் தெளிந்திருந்தது. குளிர் என்றால் முதலில் மூச்சு நின்றுபோகும் குளிர். இரண்டு நிமிடத்துக்குப் பிறகு வெளியே வர மனம் வராத குளிர். கல்லில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சிறு மீன்கள் காலைக் கூசவைத்தன. கொழும்பில் நீச்சல் குளத்தில் மட்டுமே நீந்திப் பழகிய என் மகள், குளோரின் மணமில்லாத நீரில் கண்ணைத் திறந்து மூழ்கியது அதுதான் முதல் தடவை. இந்த நீர் களனியில் சேர்ந்து, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு, கொழும்பில் எத்தனையோ வீடுகளின் குழாய்க்கு வருகிறது என்று அவளிடம் சொன்னபோது, "அப்ப நாங்கள் எங்கட தண்ணிக்குள்ளதான் குளிக்கிறம்," என்றாள்.

ஒருவரையும் நீரில் இறங்கவிடாமல் வழிகாட்டி முதலில் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். மூங்கிலால் மடுவின் அடியை ஒவ்வோர் அடியாகக் குத்திப் பார்த்தார். எங்கே மணல் சேர்ந்து ஆழம் குறைந்திருக்கிறது, எங்கே புதிதாக மரக்கட்டை ஒன்று அடியில் சிக்கியிருக்கிறது என்று காட்டி, பாறையிலிருந்து குதிப்பதை முற்றாகத் தடைசெய்தார். "போன கிழம இங்க நெஞ்சளவு, இப்ப முட்டியளவு. தண்ணி ஒரு வெள்ளத்துக்கு ஒரு மாதிரி வீட்ட மாத்தி வைக்கும்," என்றார். அருவி விழும் நுரைக்குள் போகக்கூடாது என்பது அவருடைய இரண்டாவது தடை. அதன் காரணம் அங்கிருந்த பலருக்குப் புதியது: நுரைத்த நீரில் பாதி காற்று என்பதால், அது தெளிந்த நீரைப்போல உடலைத் தாங்காது, நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அதற்குள் கல்லாக இறங்குவார், விழும் நீர் அவரைத் திரும்பத் திரும்ப அடிக்கே இழுக்கும். இதையெல்லாம் அவர் தமிழில்தான் சொன்னார். நானும் நுகேகொடவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அதைச் சிங்களத்தில் மற்றவர்களுக்குச் சொன்னோம். ஆக, காலையில் கிடைக்காத மொழிபெயர்ப்பு மறுதிசையில் நடந்தது.

உயிர்காப்பு அங்கிகள் பதினான்கு பேருக்கு ஒன்பதுதான் இருந்தன. அந்த ஒன்பதில் இரண்டுக்குப் பட்டியின் கொளுவி உடைந்திருந்தது. நீந்தத் தெரிந்தவர்களுக்கு அங்கி தேவையில்லை என்று இளைஞர் சமாதானம் சொன்னார். மேலே நுரையைப் பற்றிச் சொன்னதை வாசித்தவர்களுக்கு அந்தச் சமாதானத்தின் பெறுமதி விளங்கும்.

மடுவின் ஓரத்தில் வழிகாட்டி செய்த ஒரு காரியம் என் கண்ணில் பட்டது. நீர்க்கோட்டை ஒட்டிச் சாய்ந்த ஒரு பாறையில் மூன்று வெள்ளைக் கூழாங்கற்களை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு விரல் இடைவெளியில், படிக்கட்டில் வைப்பதுபோல வைத்தார். சாமிக்கு வைக்கிறார் என்று நினைத்து நான் சும்மா இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் குளிக்கவுமில்லை, சாப்பிடவுமில்லை. அந்தக் கற்களையும் இடுக்கின் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு, வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு வானம் எங்களுக்கு மேலே நீலமாகத்தான் இருந்தது. அப்போது அருவியின் வெள்ளையில் இலேசான தேநீர் நிறம் கலந்தது. சில சருகுகளும் ஒரு மூங்கில் தோகையும் மிதந்து வந்தன. வழிகாட்டி எழுந்து நின்று கற்களைப் பார்த்தார். கீழ்க் கல் மறைந்திருந்தது, நடுக்கல் நனைந்திருந்தது. உடனே மூன்று விசில் அடித்தார். தங்கள் ட்ரோன் கமராவால் கடைசிப் படம் எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த இளைஞர், இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கலாமே, மழையே இல்லையே என்றார். "தம்பி, மழ இங்க இல்ல, மேல இருக்கு. படத்த மேல போய் எடுங்க, இப்ப எல்லாரையும் ஏத்துங்க," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை, ஆனால் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மூன்று விசிலைச் சாப்பாட்டுக்கு அழைப்பதாக நினைத்து, தலையை ஆறுதலாகத் துவட்டிக்கொண்டிருந்த என் மச்சாளை நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

பிறகு நடந்ததை மிகைப்படுத்த விரும்பவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, யாரையும் நீர் இழுக்கவில்லை. கற்களின் மேலே காலை வைத்து மறுகரைக்குத் தாண்டி, இடுக்கின் பக்கவாட்டில் ஏறும் வேர்ப்படிகளை அடைந்து, பதினான்காவது ஆள் ஏறி முடித்த நேரம் ஒரு மணி ஐந்து. ஒரு மணி இருபதுக்கு மேலேயிருந்து பார்த்தபோது, நாங்கள் மிதித்து வந்த கற்கள் ஒன்றும் தெரியவில்லை. மடு முழுவதும் செம்மண் நிறமாகி, இடுக்கின் வாயிலிருந்து நீர் ஒரு முழம் உயர்ந்து வந்துகொண்டிருந்தது. அகன்ற ஆற்றில் அதே அளவு நீர் சேர்ந்தால் விரல் அளவுகூட உயராது. நான்கு மீற்றர் இடுக்கில் அதற்குப் பக்கவாட்டில் போக இடமில்லாததால் உயரத்தான் முடியும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலைநாட்டில் மதியத்துக்குப் பிறகு இடிமழை பெய்வது வழமை. மேலே அரை மணித்தியாலம் பெய்த மழை, வெயில் அடிக்கும் கீழ்ப்பகுதியில் இப்படித்தான் வந்து சேரும். தலைக்கு மேலே பார்த்த அந்த வழுவழுப்பின் கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்தப் பகுதியில் களனியின் பெரிய ஆற்றில் இறங்குவதும் பாதுகாப்பானதன்று என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஓடை வேண்டாம், ஆற்றிலேயே குளிப்போம் என்று வானில் சிலர் பேசிக்கொண்டார்கள். களனிக்கு நீர் கொண்டுவரும் கெசல்கமு ஓயாவிலும் மஸ்கெலியா ஓயாவிலும் காசல்ரீ, மவுசாகலை முதலிய நீர்த்தேக்கங்களும், அவற்றின் கீழே வரிசையாக மின்நிலையங்களும் இருக்கின்றன; அவற்றுள் 60 மெகாவாற் மின்நிலையம் ஒன்றின் பெயரே கனியன் (ஆங்கிலத்தில் மலையிடுக்கு) என்பது இந்தக் கட்டுரைக்குப் பொருத்தமான தற்செயல். மின்நிலையங்கள் நீரைத் திறக்கும் நேரத்தைப் பொறுத்து ஆற்றின் மட்டம் மாறும். அதற்கு மழைகூடத் தேவையில்லை.

ஏற்றம் கடினம். என் கைக்கடிகாரம் காட்டியபடி 240 மீற்றர் இறங்கியிருந்தோம். இறங்க எடுத்ததைவிட ஏற ஒரு மடங்கு கூடுதல் நேரம் பிடித்தது. "மூன்று மணித்தியால நடை" என்று விளம்பரத்தில் இருப்பது இளைஞர்களின் கால்களுக்கான கணக்கு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் அது நான்கரை மணித்தியாலம் என்று எழுதுவதே நேர்மை.

உடை மாற்றும் வசதி என்பது வானின் பின்கதவில் கட்டிய ஒரு துணி. ஏழு பெண்கள் ஈர உடுப்போடு வீதியோரத்தில் அதற்கு வரிசையில் நிற்பதைப் பார்த்த லயத்து அம்மா ஒருவர், ஒன்றும் கேட்காமல் தன் வீட்டு அறையைத் திறந்துவிட்டார், வெந்நீரும் வைத்துக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டைச் சமைத்ததும் அவரே என்று அப்போது தெரிந்தது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், கருவாட்டுப் பொரியல், பப்படம், எல்லாம் வாழையிலையில். பலாக்காயைக் கறித்தூள் வாசனை ஏறும்வரை கறுக்க வேகவைத்திருந்தார். என் கணவருக்குக் கருவாடு படாத கரண்டியால் தனியாகப் பரிமாறினார். அவரிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை; வந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த பிளேன் டீயோடு சாப்பாடு முடிந்தது. அன்றைய 9,500 ரூபாவில் எந்தக் குறையும் சொல்ல முடியாத பகுதி இது.

கிளம்பும்போது வழிகாட்டியிடம், நிறுவனம் அவருக்கு என்ன கொடுக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ, ஆனால் கேட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு 2,500 ரூபா என்றார், மறைக்காமல். பதினான்கு பேரிடமிருந்து நிறுவனம் பெற்றது 133,000 ரூபா. வான், எரிபொருள், சாப்பாடு, விளம்பரம் என்று எவ்வளவு கழித்தாலும், எங்களை நீரிலிருந்து எழுப்பிய மனிதருக்குப் போனது நூறு ரூபாவில் இரண்டு ரூபாவுக்கும் குறைவு. நாங்கள் சேர்த்துக் கொடுத்த தொகையை அவர் மூன்றாவது தடவை வற்புறுத்திய பிறகுதான் வாங்கினார். மறுநாள் நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில், ட்ரோன் எடுத்த படங்களோடு, "திகில் நிறைந்த வெள்ள அனுபவம்" என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்தபோது வந்த கோபம், அங்கி பற்றாமல் இருந்ததைப் பார்த்தபோது வந்ததைவிட அதிகம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், பாதைக்கும் ஓடைக்கும் ஐந்து, வழிகாட்டிக்கும் சாப்பாட்டுக்கும் ஐந்து, வாகனத்துக்கு நான்கு, நிறுவனம் தன் பங்காகச் செய்த மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்றரை. இவற்றைக் கூட்டிச் சராசரி எடுப்பதில் அர்த்தமில்லை, ஏனென்றால் வழிகாட்டி வராத ஒரு நாளில் மிஞ்சுவது அந்த ஒன்றரை மட்டுமே. எனவே முன்பதிவு செய்யுமுன், உங்களோடு நீருக்கு இறங்கப்போகிறவர் அந்த ஊர்க்காரரா, அவர் போதும் என்று சொன்னால் நிறுவனத்தின் ஆள் அதற்குக் கட்டுப்படுவாரா என்று கேளுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை அங்கி என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். "போதுமான அளவு" என்ற பதிலை ஏற்காதீர்கள். விளக்கம் தமிழிலும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். போகும் நாளுக்கு முதல் நாள் மாலை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள். கேகாலை, நுவரெலியா மாவட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் காசு போனாலும் போகட்டும் என்று வீட்டில் இருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் இந்த இடுக்குக்குள் போகவே வேண்டாம். ஜனவரியும் பெப்ரவரியும் நல்ல மாதங்கள், அப்போதும் மதியத்துக்கு முன் ஏறிவிடுவது நல்லது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் நீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் இப்படிப்பட்ட நீரால் பரவக்கூடியது. வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், ஓடையில் குளித்ததை மருத்துவரிடம் முதலாவதாகச் சொல்லுங்கள்.

இந்தக் குறைகளையெல்லாம் நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினேன். நான்கு நாள் கழித்து வந்த பதில் மரியாதையாக இருந்தது: தமிழ் விளக்கத்துக்கு ஒழுங்குசெய்வதாகவும், அங்கிகள் புதிதாக வாங்கப்படவுள்ளதாகவும் எழுதியிருந்தார்கள், வழிகாட்டியின் கூலியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. மகள் வருகிற ஜனவரியில் திரும்பவும் போக வேண்டும் என்கிறாள், மச்சாளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், இந்தத் தடவை விசில் கணக்கைப் பாடமாக்கிக்கொண்டு. நான் நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமை அதே அண்ணை வருவாரா என்று. பதில் வந்த பிறகு காசு கட்டுவேன்.